ஊட்டிக்கு ஒரு அங்குலம் கூடுதல்

1

சென்ற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மெல்பர்னுக்கு மேற்கே இருக்கும் எங்கள் கிளப் மைதானத்தில், என் ஹரிகேன் விமானத்தை ஆய்வு மேசை மேல் ஏற்றி வைத்தேன். இதைப் பொம்மை என்று என் மனைவி சுமதி சொல்வாள். இரண்டாம் உலகப் போரில் பறந்த போர் விமானத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவு. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு மீட்டர் நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். எடை பதின்மூன்று கிலோ அறுநூறு கிராம். தரையில் நின்றபடி ரேடியோ பெட்டியால் ஓட்ட வேண்டியது. எங்கள் கிளப்பில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட எதுவும் ஆய்வாளரின் கையெழுத்து இல்லாமல் தரையை விட்டுக் கிளம்பக்கூடாது. படிவம் ஆறு பக்கம்.

ஆய்வாளர் கிரகாம் எழுபது வயதுக்காரர், ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்ப்பார். அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும். நான்காம் பக்கத்துக்கு வந்தபோது புரொப்பெல்லரைத் திருப்பிப் பார்த்து நின்றுவிட்டார். அதன் பின்புறம், மையத்தை ஒட்டி, ஊதா நிற மையில் ஒரு வரி எழுதியிருந்தது. தமிழில்.

"இது என்ன? விரிசலை அடையாளம் போட்டு வைத்திருக்கிறாயா?"

"விரிசல் இல்லை. ஒரு நண்பன் எழுதியது."

"என்ன எழுதியிருக்கிறான்?"

முதலில் மோட்டாரை ஓட்டிப் பார்ப்போம், அப்புறம் சொல்கிறேன் என்றேன். ஐந்து சொற்கள் கூட இல்லாத அந்த வரியைச் சொல்ல எனக்கு ஏன் அவகாசம் தேவைப்பட்டது என்பதை எழுதத்தான் இந்தக் குறிப்புகள்.

2

எழுதியவன் போஜன், என் பள்ளித் தோழன். பெர்ன்ஹில்லுக்குக் கீழே இருக்கும் ஒரு படகர் கிராமம் அவன் ஊர். ஒன்றரை ஏக்கர் தேயிலையும், ஊட்டி மார்க்கெட் பக்கம் மோட்டார் ரிப்பேர் செய்யும் கடையும் வைத்திருக்கிறான். நான் அந்தக் கிராமத்தை அடுத்த எஸ்டேட்டில் வளர்ந்தவன். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த அப்பா அங்கே ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் போஜனும் நானும் ஒரே வரைபடத்தை வாங்கினோம். அவன் அங்கே ஒரு ஹரிகேன், நான் இங்கே ஒரு ஹரிகேன் கட்டுவது என்று முடிவு செய்தோம். வேறு அழகான விமானங்கள் உண்டு. ஆனால் ஹரிகேனுக்குச் சக்கரங்கள் அகன்று நிற்கும். கிராமத்து மைதானத்தின் புல்லில் குப்புற விழாது. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒன்றே காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான்.

"சேகரு, கட்டையெல்லாம் நான் பாத்துக்கறேன். கரண்டு சமாச்சாரம் மட்டும் நீ சொல்லு."

"மோட்டார் ரிப்பேர் கடை வெச்சிருக்கறவன் நீ. என்னைக் கேக்கற?"

"நான் கை போன போக்குல செய்யறவன்டா. நீ நோட்டுல கோடு போட்டு செய்யறவன். பதினாலு கிலோ பறக்கறதுக்குக் கை போன போக்கு ஆகாது. நீ என்ன சொல்றியோ அதையே போடறேன். ஒரு திருகு மாத்த மாட்டேன்."

அவனுக்கு பெட்ரோல் எஞ்சின் மேல்தான் ஆசை. சத்தம் வேண்டும் என்றான். நான் மறுத்தேன்.

"ஊட்டி ஒசரத்துல எஞ்சினுக்கு மூச்சு வாங்கும்டா. காத்து லேசு. அஞ்சுல ஒரு பங்கு சக்தி அங்கயே போயிரும். கரண்டு மோட்டாருக்கு மூச்சே வேண்டாம். கடற்கரையில என்ன சக்தியோ அதே சக்தி தொட்டபெட்டா உச்சியிலயும் கெடைக்கும்."

"அது செரி," என்றான் போஜன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சத்தம் இருக்காது, அவ்வளவுதான்," என்றான்.

அன்று இரவு உணவுக்கு முன்பே கணினியில் என் அட்டவணையைத் திறந்தேன். இந்த வேலையை நான் எப்போதும் ஒரே வரிசையில் செய்வேன். முதலில் எடை. போர் விமானம் மேலேறிப் புரள வேண்டுமானால் கிலோவுக்கு முந்நூறு வாட் வேண்டும். பதினாலு கிலோவுக்கு நாலாயிரத்து இருநூறு. அதற்குப் பன்னிரண்டு செல் கொண்ட பேட்டரி. ஆறு செல் கட்டுகள் இரண்டைத் தொடராக இணைத்து மூக்குக்குள் வைத்தால், ஹரிகேனின் குட்டை மூக்குக்கு வேண்டிய எடையும் சேர்ந்துவிடும், ஈயக்கட்டி தேவையில்லை. பிறகு அந்த மின்னழுத்தத்துக்கு மெதுவாகச் சுழலும் பெரிய மோட்டார். அதற்கு இருபத்திரண்டு அங்குல புரொப்பெல்லர். மின்னோட்டம் நூறு ஆம்பியர் வரும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் தாங்குவதாக, நூற்றிருபது ஆம்பியர் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை.

விமானத்துக்குள் இருக்கும் ரேடியோ ரிசீவருக்கும், இறக்கைத் தட்டுகளையும் வால் தட்டுகளையும் அசைக்கும் எட்டு சர்வோக்களுக்கும் தனியாக இரண்டு சிறு பேட்டரிகள் எழுதினேன். பெரிய பேட்டரியிலிருந்தே அவற்றுக்கும் மின்சாரம் எடுக்கலாம், எடை குறையும். ஆனால் மோட்டார் பலகை எரிந்தால் விமானம் கையை விட்டுப் போய்விடும். தனி பேட்டரி இருந்தால் மோட்டார் நின்றாலும் ஓட்டி இறக்கலாம். இரண்டில் ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். அந்த மைதானத்தைச் சுற்றி வீடுகள் இருப்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில், நின்ற நிலையில் புரொப்பெல்லர் இழுக்கும் விசை: பதின்மூன்றரை கிலோ. விமானத்தின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். போஜன் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினான். அவன் வழக்கமாக அதோடு ஏதாவது கிண்டலும் அனுப்புவான். அன்று அனுப்பவில்லை. அதை நான் கவனித்தேன். நாட்குறிப்பில் எழுதவும் செய்தேன். காரணம் மட்டும் யோசிக்கவில்லை.

3

நாங்கள் இருவரும் முதலில் பறக்கவிட்ட விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளஸ் டூ படித்த ஆண்டு அது. கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் வாங்கிய சிறிய எஞ்சின். கூடவே எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையேடு. அதில் பத்து அங்குல புரொப்பெல்லர் போடச் சொல்லியிருந்தது, போட்டோம். மூன்று ஞாயிறுகள் அந்தக் கிராமத்து மைதானத்தில் அது ஓடியது, ஓடியது, எழவே இல்லை. மைதானத்தின் கோடியில் தேயிலைச் சரிவு. மூன்று முறையும் செடிகளுக்குள் புகுந்து எடுத்து வந்தோம். நான் கையேட்டை மறுபடி மறுபடி படித்தேன்.

போஜன்தான் அதைப் பிடுங்கி மூடினான். "இந்தப் புஸ்தகத்தை எழுதினவன் ஊட்டிக்கு வந்திருக்க மாட்டான்டா," என்றான்.

நான்காம் ஞாயிறு பதினோரு அங்குலம் போட்டோம். மைதானத்தின் பாதியிலேயே எழுந்தது. அன்று நாட்குறிப்பில் நான் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: 'புத்தகம் சொல்லும் அளவோடு ஊட்டிக்கு எப்போதும் ஒரு அங்குலம் கூட்ட வேண்டும்.' அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்திருப்பேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. லேசான காற்றில் புரொப்பெல்லர் வாரிக்கொள்வது குறைவு. ஆகவே அகலமாக வார வேண்டும். அம்மா இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தாள். இலங்கையில் மூன்று விசிலில் வெந்த பருப்பு ஊட்டியில் ஐந்து விசில் கேட்டது. இங்கே மெல்பர்னுக்கு ஒரு முறை வந்து மூன்று மாதம் தங்கியபோது அதே ஐந்து விசில் விட்டாள். பருப்பு கூழாகப் போனது. "உங்க ஊரு அடுப்பு செரியில்ல," என்று அடுப்பைத்தான் குறை சொன்னாள்.

4

ஏப்ரலில் ஒரு வாரம் விடுமுறை கிடைத்தது. மோட்டார், வேகப் பலகை, புரொப்பெல்லர் மூன்றையும் நானே எடுத்துச் சென்றேன். பெரிய லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் அவற்றை போஜன் பெங்களூரிலிருந்து லாரி பார்சலில் வரவழைத்திருந்தான்.

மகள் ஆதிரா வரவில்லை. நாலு வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினெட்டு. கல்லூரியில் தேர்வு இருந்தது உண்மைதான். தேர்வு இல்லாவிட்டாலும் வந்திருப்பாளா என்று கேட்கவில்லை. சிறுமியாக இருந்தபோது விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த வேலைக்கு இப்போது தரையில் ஒரு கம்பி அடித்து வைத்திருக்கிறேன்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மோட்டாரைக் கையில் எடுத்து எடை பார்த்தார். ஒன்றேகால் கிலோ.

"என்னங்க இது? கிரைண்டர் மோட்டாருங்களா?"

"இல்லைங்க. மாதிரி விமானத்துக்கு."

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் மோட்டார் செஞ்சு அனுப்பறது எங்க கோயமுத்தூரு. நீங்க அங்கிருந்து இங்க மோட்டார் தூக்கிட்டு வர்றீங்க. நாயமுங்களா?"

ரசீதுகளை வரிசையாக ஒரு உறையில் வைத்திருந்தேன். அவர் அவற்றைப் பார்த்ததைவிட மோட்டாரின் தண்டைச் சுற்றிப் பார்த்த நேரம் அதிகம். நாற்பத்தைந்து நிமிடம் கழித்துப் போக விட்டார். "பறந்துச்சுன்னா வீடியோ எடுத்து வெச்சுக்குங்க. திரும்பிப் போறப்ப காட்டுங்க," என்றார்.

ஊட்டியில் பேருந்திலிருந்து இறங்கும்போது கண்டக்டரிடம் நன்றி சொன்னேன். அவர் திகைத்துப் பின்னால் பார்த்தார். "ஏனுங்க, ஏதாச்சும் விட்டுட்டீங்களா?" என்று என் இருக்கையைக் குனிந்து தேடினார். பதினாலு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்ட மரியாதை அங்கே தொலைந்த பொருள் போல ஒலித்தது.

5

போஜன் விமானத்தை முன்னறையில் வைத்திருந்தான். சோஃபாவை வெளியே போட்டிருந்தான். இரண்டு ஆண்டு உழைப்பு. துணி ஒட்டிய இடத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நான் கொண்டு வந்ததைப் பொருத்த இரண்டு நாள் ஆயிற்று. ஞாயிறு காலை பறக்கவிட ஊர்த் தலைவரான கவுடர் அனுமதி கொடுத்திருந்தார். அந்த ஒரு காலை மட்டும்தான். அடுத்த வாரம் முதல் மைதானத்தில் கால்பந்துப் போட்டி. செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். கவுடர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "விழுந்தா தேயிலைல விழட்டுமுங்க. ஊட்டு மேல விழுந்தா அப்புறம் மைதானத்தை மறந்துருங்க."

மைதானம் எண்பது மீட்டர். ஒரு கோடியில் தேயிலைச் சரிவு, அதற்கு அப்பால் வீடுகள். மறு கோடியில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றுக்குப் பின்னாலும் வீடுகள். எழும்பினால் மட்டும் போதாது. மரத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் அவனுக்கு விமானமும் மைதானமும் இரண்டும் போகும்.

சனிக்கிழமை பிற்பகல் மோட்டாரை ஓட்டிப் பார்த்தோம். விசையை அளக்க இங்கே எங்கள் கிளப்பில் டிஜிட்டல் கருவி இருக்கிறது. போஜன், பச்சைத் தேயிலை மூட்டையை எடை போடும் தொங்கு தராசை எடுத்து வந்தான். அதன் மேல் கொக்கியைக் கதவு நிலையில் கட்டி, கீழ்க் கொக்கியை விமானத்தின் வாலில் மாட்டினோம். அவன் முழு வேகம் கொடுத்தான். முற்றத்தில் காய்ந்த துணிகள் கயிற்றோடு பறந்தன. முள் நின்ற இடம் பதினொன்றேகால்.

நான் குனிந்து மறுபடி பார்த்தேன். பதினொன்றேகால்தான்.

"தராசு தப்பு," என்றேன்.

நீலகிரியில் தேயிலைக் கொழுந்துக்கு நடுவில் வளர்ந்தவன் எவனும் முதலில் இதைத்தான் சொல்வான். இலைத் தராசு குறைத்துக் காட்டும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. ஆனால் அதைச் சொன்ன இடம் சரியில்லை. போஜனின் மனைவி மல்லிகா, பறந்து விழுந்த துணிகளைப் பொறுக்கியபடி நிமிர்ந்தாள்.

"அண்ணா, நாலு கிலோ முழுங்கறது இலை வாங்கற ஏஜெண்டு தராசுங்க. இது எங்க தராசு. அவன் முழுங்கறதைக் கண்டுபிடிக்கறதுக்குன்னே நான் வாங்கி வெச்சது."

"ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்."

அவள் உள்ளே போய், தைத்த வாய் பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கி வந்து கொக்கியில் மாட்டினாள். முள் பத்தைத் தாண்டி ஒரு மயிரிழை நின்றது.

"அது பையோட எடைங்க," என்றாள்.

பேட்டரியை அளந்தேன், நிறைந்திருந்தது. மின்னோட்டத்தைப் பார்த்தேன், நூறு வர வேண்டிய இடத்தில் எண்பத்தைந்து. இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சூடாக இல்லை. நோட்டைத் திறந்து முதலிலிருந்து கூட்டினேன். போஜன் படியில் உட்கார்ந்து வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். நான் மூன்றாம் முறை கூட்டத் தொடங்கியபோதுதான் மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்க ஆஸ்திரேலியா. நம்ம ஊரு எத்தனை அடி ஒசரமுங்க?"

6

இப்போது ஒரு ஒப்புதல். பதினாலு ஆண்டுகளுக்கு முன், மெல்பர்னில் முதல் கோடையில், நான் கட்டிய முதல் மின்சார விமானத்துக்குப் பழக்க தோஷத்தில் ஒரு அங்குலம் கூட்டிப் போட்டேன். கடல் மட்டத்துக் கனத்த காற்றில் அந்த அங்குலம் தாங்காது. மூன்றாவது பறத்தலில் வேகப் பலகை புகைந்து எரிந்தது. அந்த வெட்கத்தில்தான் இந்த அட்டவணையையே உருவாக்கினேன். முதல் வரிசை விமானத்தின் பெயர். இரண்டாவது எடை. மூன்றாவது மைதானத்தின் உயரம். அதில் எங்கள் கிளப் மைதானத்தின் உயரத்தை எழுதினேன்: பன்னிரண்டு மீட்டர். எல்லாக் கணக்கும் அந்த எண்ணிலிருந்துதான் ஓடும். அது மாறவே மாறாத எண் என்பதால், திரையில் இடத்தை அடைக்காதிருக்க, அந்த வரிசையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தேன். ஆண்டுகள் போகப்போக அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது.

போஜனிடம் எஞ்சினைப் பற்றிப் பேசும்போது ஊட்டியின் உயரம் எனக்கு நினைவிருந்தது. மோட்டாருக்கு மூச்சு வேண்டாம் என்று சொன்ன கணமே அந்த விஷயம் முடிந்துவிட்டதாக மனதுக்குள் ஒரு 'டிக்' போட்டுவிட்டேன். மோட்டாருக்கு வேண்டாம்தான். அது சுழற்றுகிற புரொப்பெல்லருக்கு வேண்டும். இதைப் பதினேழு வயதில் கண்டுபிடித்து ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தவன் நான். என் ஊரின் விமானத்தை, இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டியதை, கடலோரத்துக்குக் கணக்குப் போட்டு, பெட்டியில் வைத்துத் தூக்கி வந்திருக்கிறேன்.

"இருபத்திமூணு அங்குலம் வேணும்," என்றேன். "கோயமுத்தூர்ல கெடைக்காது. நாளைக்குப் பறக்க விட முடியாது. தப்பு என்னோடது."

"பதினொன்னேகாலுக்கு மரத்தைத் தாண்டாதா?"

"தாண்டலாம். தாண்டாமயும் போகலாம். லேசான காத்துல எறக்கைக்கும் கூட வேகம் வேணும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

போஜன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். அலமாரிக்கு மேலிருந்து ஒரு நீள அட்டைப்பெட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தான். இருபத்துமூன்று அங்குல புரொப்பெல்லர். உறை கூடப் பிரிக்கவில்லை.

"எப்ப வாங்கின?"

"நீ பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பின வாரமே."

"அப்பவே தெரிஞ்சுதா?"

"உன் எழுத்துல இருபத்திரண்டுன்னு பாத்ததும் தெரிஞ்சுது. ஒரு அங்குலம் கூட்டுன்னு சொல்ல வேண்டியவன் நீயாச்சே."

"ஃபோன்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

"சொல்லலாம்னு எடுத்தேன். இவதான் வேண்டாம்னா."

மல்லிகா துணிகளை மறுபடி கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். "தூரத்துல இருக்கறவங்களுக்கு ஃபோன்ல தப்பு சொல்லக்கூடாதுங்க அண்ணா. வெச்சதுக்கப்புறம் அவங்க தனியாத்தானே உக்காந்திருப்பாங்க," என்றாள்.

"இங்க வந்தப்புறம் நானாச் சொன்னா நீ நோட்டைத் தூக்கிட்டு சண்டைக்கு வருவ," என்றான் போஜன். "செரி, தராசே சொல்லட்டும்னு விட்டேன். தராசுகூட எவன்டா சண்டை போடுவான்? நீ அதுகூடயும் போட்ட."

மல்லிகா சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

புதியதை மாட்டி ஓட்டினோம். முள் பன்னிரண்டே முக்கால். மின்னோட்டம் தொண்ணூற்றொன்பது. பலகை கைபொறுக்கும் சூட்டில் இருந்தது. புல்லுக்கும் புரொப்பெல்லர் முனைக்கும் இடைவெளி ஒன்பது சென்டிமீட்டர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அடியில் கையெழுத்துப் போட்டேன்.

7

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போனோம். நடுவில் ஐந்து காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் ஊரில் இருந்த காலத்தில் அவை காட்டுக்குள் இருந்தன. இப்போது பள்ளிக்கூட வாசல் வரை வருகின்றன என்றான் போஜன். கவுடர் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து எங்களோடு நின்றார். கீழே பள்ளத்தாக்கில் மிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் மூடுபனி திரண்டுகொண்டிருந்தது. அது மேலேறினால் அன்றைக்கு எதுவும் நடக்காது.

"விரட்டலாமுங்களா?" என்று கேட்டேன்.

"அதுங்ககிட்ட நான் அனுமதி கேக்கலைங்களே," என்றார் கவுடர். "அதுங்களா போகும்."

ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து அவை தாமாகவே தேயிலைக்குள் இறங்கின. நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். இரு பேட்டரிகள், எட்டு சர்வோக்கள், ரேடியோவின் தூரம், எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். போஜன் ஒவ்வொன்றுக்கும் "ஆச்சு" என்றான். கடைசியில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "விடுடா," என்றான்.

விட்டேன்.

புல்லில் முப்பது மீட்டர் போனதும் வால் எழுந்தது. நாற்பத்தைந்தில் சக்கரங்கள் துள்ளின. மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. எந்த எண்ணும் என் நினைவில் இல்லாத இரண்டு மூன்று வினாடிகள் அவை. நாட்குறிப்பிலும் அந்த இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருக்கிறேன். பிறகு ஹரிகேன் சில்வர் ஓக்குகளின் தலைக்கு மேலே, வயிற்றைக் காட்டியபடி, சக்கரங்களை மடக்கிக்கொண்டிருந்தது.

நான்கு நிமிடம் நாற்பது வினாடி பறந்தது. மிஸ்டின் முதல் கீற்று தேயிலை மேல் ஏறியபோது போஜன் அதைக் கொண்டு வந்து புல்லில் வைத்தான். அகன்ற சக்கரங்கள் ஒரு முறை குதித்து நின்றன. போஜன் ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கவுடர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் பறந்துச்சுங்க. ஆனா சத்தம் பத்தலை."

"கேட்டியா?" என்றான் போஜன் என்னிடம்.

அன்று மாலை ஆதிரா கூப்பிட்டாள். பறந்ததா என்று கேட்டாள். பறந்தது என்றதும், "யே!" என்று கத்தினாள், அது உண்மையான சந்தோஷம்தான். பிறகு, "எப்ப வீட்டுக்கு வர்றீங்க அப்பா?" என்றாள். நான் அப்போது நின்றிருந்த இடத்திலிருந்து, நான் பிறந்த, எஸ்டேட் தொழிலாளர் லயன் வரிசையின் தகரக் கூரை தெரிந்தது. புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை போஜன் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட வந்தான். நான் கொண்டு வந்த இருபத்திரண்டு அங்குலத்தை அதே பெட்டியில் போட்டு நீட்டினான்.

"வெச்சுக்கோயேன். ஸ்பேரா இருக்கட்டும்."

"இங்க ஆகாதுடா. உன் ஊருக்குத்தான் இது சரியா இருக்கும்."

அவன் குத்திக்காட்டவில்லை. அளவைத்தான் சொன்னான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் பின்புறம் இருந்த எழுத்தைப் பார்த்தேன். இலை மூட்டையில் பெயர் எழுதும் ஊதா மார்க்கரால், அவனுடைய கோணல் எழுத்தில்: 'சேகர் ஊர். 12 மீட்டர்.'

8

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினோம். கிரகாம் மின்னோட்ட மானியைப் பார்த்து வாசித்தார்: "நூறு." டிஜிட்டல் கருவியைப் பார்த்தார்: "பதின்மூன்றரை." என் அட்டவணையில் இருந்தவை அதே எண்கள். இத்தனை ஆண்டுகளில் ஒரு தாளும் ஒரு மோட்டாரும் இவ்வளவு ஒத்துப்போய்த் தான் பார்த்ததில்லை என்று சொல்லிக் கைகொடுத்தார். நான் கைகுலுக்கினேன். ஊரில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்து நின்ற அதே புரொப்பெல்லர். இங்கே ஒரு மயிரிழை தப்பவில்லை.

மோட்டார் நின்றதும் அவர் விட்ட இடத்துக்கே வந்தார்.

"இப்போது சொல். என்ன எழுதியிருக்கிறது? புரொப்பெல்லரில் இருக்கும் எந்த அடையாளமும் விளக்கத்தோடு படிவத்தில் பதிவாக வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடு. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

ஸ்பிரிட் புட்டியும் பஞ்சும் மேசையிலேயே இருந்தன. பஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டேன்.

நான்காம் பக்கம், பதினெட்டாம் கேள்வி, அடையாளத்தின் பொருள் என்ற கட்டம். உரிமையாளரின் ஊர், கடல் மட்டத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர் உயரம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பெயர் எழுதினேன். தேதி போட்டேன். சரிதானா என்று ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.